வாதங்களை எடைபோடும் பயிற்சித் தொகுப்பு: லைசென்ஸ் கேள்விகளில் எது சரி, எது போதவில்லை

"இந்த வாதம் வலுவானதா, வலுவற்றதா?" என்று கேட்கும் தேர்வுகளுக்குத் தயாராகிறவர்களுக்காக இணையத்தில் கிடைக்கும் ஒரு பயிற்சித் தொகுப்பை முழுவதும் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். பெயரைச் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் இதே அச்சில் வார்த்த தொகுப்புகள் நிறைய இருக்கின்றன, கேள்விகளும் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் இங்கே சொல்வது பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும். தொகுப்பில் கல்வி, சுகாதாரம், வரி என்று பல பகுதிகள் உண்டு. நான் விரிவாகப் பேசப் போவது ஓட்டுநர் உரிமக் கொள்கை பற்றிய பகுதியை மட்டும்தான். மொத்தத் தொகுப்பிலும் யோசிக்க வைக்கும் கேள்விகள் அங்கேதான் இருக்கின்றன, ஒரு பெரிய ஓட்டையும் அங்கேதான் இருக்கிறது.

தேர்வு எழுதப் போகிறவர்களுக்கு என் பதில் சுருக்கமானது: வாங்கலாம், பயன்படும். ஆனால் சாலைப் பாதுகாப்பு பற்றி உண்மையாகவே ஒரு கருத்துக்கு வர நினைப்பவர்கள், ஊடகத்தில் எழுதுகிறவர்கள், மாணவர்களுக்கு விவாதம் சொல்லிக் கொடுக்கிறவர்கள் இதை மட்டும் நம்பக் கூடாது. ஏன் என்பதைத்தான் கொஞ்சம் நீளமாகச் சொல்லப் போகிறேன்.

அமைப்பு எளிது. ஒரு கேள்வி வரும்: "75 வயதைத் தாண்டியவர்கள் ஒவ்வோர் ஆண்டும் மறுபடி வண்டி ஓட்டிக் காட்ட வேண்டும் என்று சட்டம் கொண்டு வரலாமா?" அதன் கீழே 'ஆம்' என்று இரண்டு வாதங்கள், 'இல்லை' என்று இரண்டு வாதங்கள். ஒவ்வொன்றும் வலுவானதா இல்லையா என்று நாம் குறிக்க வேண்டும். இந்த வடிவத்துக்குப் பழைய வேர் வாட்சன்-கிளேசர் தேர்வு. குட்வின் வாட்சன், எட்வர்ட் கிளேசர் என்ற இரண்டு அமெரிக்கர்கள் உருவாக்கியது. இன்றைக்கும் சட்ட நிறுவனங்கள் ஆள் எடுக்கும்போது பயன்படுத்துகிறார்கள். அதில் வாதங்களை மதிப்பிடுவதற்கென்றே ஒரு பிரிவு உண்டு. அங்கே விதி இரண்டே வரி: வாதம் கேள்வியோடு நேரடியாகத் தொடர்புள்ளதாக இருக்க வேண்டும், முக்கியமானதாகவும் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் வலுவற்றது. கூடவே ஒரு நிபந்தனை, வாதத்தில் சொல்லியிருப்பதை உண்மை என்று வைத்துக்கொண்டுதான் மதிப்பிட வேண்டும். நான் பார்த்த தொகுப்பும் இந்த விதிகளை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறது.

இந்த இரண்டு சல்லடைகளையும் குறைத்துப் பேச மாட்டேன். லைசென்ஸ் பற்றிய பொதுப்பேச்சில் பாதி இவற்றிலேயே நின்றுவிடும். "பல நாடுகளில் இப்படித்தான் செய்கிறார்கள், அதனால் நாமும் செய்ய வேண்டும்" என்ற வாதம் வருகிறது. தொகுப்பு அதை வலுவற்றது என்கிறது. எங்கோ இருக்கிறது என்பதால் மட்டும் ஒன்று நல்லதாகிவிடாது, அங்கே என்ன பலன் கிடைத்தது என்று சொன்னால்தான் வாதம் என்று விளக்கமும் தருகிறது. அதே போல "18 வயதில் ஓட்டுப் போட முடிகிறது, அப்படியானால் லாரி ஓட்டவும் விட வேண்டும்" என்ற வாதம். கேட்க நியாயமாக இருக்கும், ஆனால் ஓட்டுப் போடுவதற்குத் தேவையான தகுதிக்கும் கனரக வண்டியை நிறுத்தத் தேவையான திறமைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. "ஒரே ஓர் உயிரைக் காப்பாற்றினாலும் போதும்" என்ற வாதத்துக்குத் தந்திருக்கும் விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது: அந்த அளவுகோலை ஏற்றால் எல்லா வண்டிகளையும் தடை செய்ய வேண்டியிருக்கும், எனவே அது இந்தக் குறிப்பிட்ட சட்டத்துக்கான வாதமே இல்லை என்று நேராகச் சொல்கிறார்கள். உணர்ச்சியைக் கொச்சைப்படுத்தாமல் வாதத்தை மட்டும் ஒதுக்கிவைக்கிற விளக்கம் அது. இப்படி எழுதுவது சுலபமில்லை.

இன்னொரு நல்ல கேள்வி, பிரிட்டனை வைத்துக் கேட்டது. அங்கே 1904 தொடக்கத்திலிருந்தே உரிமம் இருந்தது, ஆனால் ஓட்டிக் காட்டாமலே கிடைத்தது. 1934இல் சாலையில் 7,343 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு ஜூன் மாதம் ஓட்டுநர் தேர்வு கட்டாயமாக்கப்பட்டது, இறப்பும் குறைந்தது. "ஆகவே தேர்வுதான் உயிர்களைக் காப்பாற்றியது" என்ற வாதம் வலுவானதா? தொகுப்பு இல்லை என்கிறது, காரணத்தையும் சரியாகச் சொல்கிறது: அதே 1935 மார்ச்சில் ஊருக்குள் மணிக்கு 30 மைல் என்ற வேக வரம்பும் வந்தது. இரண்டும் ஒரே ஆண்டில் வந்திருக்கும்போது பலனை ஒன்றின் கணக்கில் மட்டும் எழுத முடியாது. நான் ஒன்றைச் சேர்த்துச் சொல்வேன். 1934 ஏப்ரலுக்கு முன்பே ஓட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தத் தேர்வு கிடையாது, புதிதாக வந்தவர்களுக்கு மட்டும்தான். அப்படியானால் முதல் ஆண்டில் சாலையில் இருந்த ஓட்டுநர்களில் பெரும்பாலானவர்கள் தேர்வே எழுதாதவர்கள். அவர்களால் ஏற்படும் விபத்து குறைந்ததற்குத் தேர்வு எப்படிக் காரணமாக முடியும்? விளக்கத்தில் இந்த வரி இல்லை, ஆனாலும் கேள்வி நன்றாக அமைந்திருக்கிறது. தொகுப்பிலேயே சிறந்த கேள்வி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

சரி, ஓட்டைக்கு வருகிறேன்.

லைசென்ஸ் கொள்கை பற்றிய வாதம் எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் அனுமானம் படுத்திருக்கிறது. உரிமம் கொடுத்தால் ஓட்டத் தெரிந்தவர் ஆகிவிட்டார், உரிமத்தைப் பிடுங்கினால் ஓட்டுவதை நிறுத்திவிட்டார் என்பதுதான் அது. உரிமம் வேறு, ஓட்டுதல் வேறு. உரிமம் கிடைக்காத ஆள் அதற்கு அப்புறம் என்ன செய்கிறார்? வீட்டில் இருக்கிறாரா, நடக்கிறாரா, உரிமம் இல்லாமலே ஓட்டுகிறாரா, இரண்டு ஆண்டு காத்திருந்து சுலபமான வழியில் வாங்குகிறாரா? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் ஒரு லைசென்ஸ் வாதத்தை வலுவானது என்று குறிக்கவே கூடாது என்பது என் கட்சி. தொகுப்பு இந்தக் கேள்வியை எங்குமே எழுப்புவதில்லை. நேரடித் தொடர்பு உண்டா, முக்கியமா, அவ்வளவுதான், முடிந்தது.

வயதானவர்கள் பற்றிய கேள்வியை எடுத்துக்கொள்வோம். "ஆம், வயது கூடக் கூடப் பார்வையும் கவனமும் குறைகின்றன, எனவே கட்டாயப் பரிசோதனை விபத்து மரணங்களைக் குறைக்கும்" என்ற வாதத்துக்கு விடைப்பகுதி 'வலுவானது' என்று சொல்கிறது. சல்லடைப்படி சரிதான்: தொடர்பு இருக்கிறது, முக்கியமும் கூட. ஆனால் இது வெறும் கற்பனைக் கேள்வி இல்லையே, நாடுகள் செய்து பார்த்துவிட்ட காரியம். டென்மார்க்கில் 2006இல் 70 வயதுக்கு மேற்பட்டவர்கள் உரிமத்தைப் புதுப்பிக்க வரும்போது அறிவுத்திறன் சோதனையைக் கட்டாயமாக்கினார்கள். முன்னும் பின்னும் இருந்த விபத்துகளை ஒப்பிட்டு 2012இல் ஓர் ஆய்வு வந்தது. வயதான ஓட்டுநர்கள் சம்பந்தப்பட்ட உயிர்ப்பலி விபத்துகளில் மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் நடந்தோ சைக்கிளிலோ போய் இறந்த வயதானவர்களின் எண்ணிக்கை கூடியிருந்தது. அதே வகையில் முன்பே, 1996இல், பின்லாந்தையும் சுவீடனையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. பின்லாந்தில் 70 வயதிலிருந்து மருத்துவப் பரிசோதனை உண்டு, சுவீடனில் வயதை வைத்து எதுவும் கிடையாது. பின்லாந்து ஓட்டுநர்களுக்கு விபத்து குறைவாக இல்லை, பாதசாரிகளாக இறந்த முதியவர்கள்தான் அங்கே அதிகம்.

ஏன் என்று யோசித்தால் புரிந்துவிடும். காருக்குள் இரும்புக் கூடு இருக்கிறது, பெல்ட் இருக்கிறது, காற்றுப்பை இருக்கிறது. 78 வயதுக்காரரைக் காரிலிருந்து இறக்கிவிட்டால் அவர் மருந்து வாங்கவும் மகள் வீட்டுக்குப் போகவும் வேறு வழியில் போயாக வேண்டும், அந்த வழியில் அவருக்குக் கவசம் எதுவும் இல்லை. அவரது எலும்பு இளைஞனுடைய எலும்பு மாதிரி அடி தாங்காது. வயதான ஓட்டுநர்கள் ஓட்டும் தூரத்துக்கு அதிகமாக இறக்கிறார்கள் என்ற புள்ளிவிவரத்தைத்தான் பரிசோதனைக்கு ஆதரவாக எல்லோரும் எடுத்து நீட்டுகிறார்கள். அந்த அதிகத்தில் பெரும்பகுதி விபத்தில் மாட்டினால் உடம்பு தாங்காமல் போவதால் வருவது, அதிகமாக மோதுவதால் வருவதல்ல என்று 2003இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. இன்னொரு நுணுக்கமும் உண்டு. குறைந்த தூரம் ஓட்டுகிறவர்கள், எந்த வயதாக இருந்தாலும், பெரும்பாலும் ஊருக்குள்ளேயே, சந்திப்புகள் நிறைந்த தெருக்களில் ஓட்டுகிறார்கள். நெடுஞ்சாலையில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகிறவரோடு கிலோமீட்டர் கணக்கில் ஒப்பிட்டால் அவர்கள் எப்போதும் மோசமாகத்தான் தெரிவார்கள். முதியவர்களில் இப்படிக் குறைந்த தூரம் ஓட்டுகிறவர்கள் அதிகம்.

இதற்காகப் பரிசோதனையே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. மறதி நோய் முற்றியவர் வண்டி ஓட்டக் கூடாது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. மருத்துவரோ குடும்பமோ சொல்லி ஒரு தனிமனிதரைச் சோதிப்பது ஒரு கொள்கை, பிறந்த ஆண்டைப் பார்த்து எல்லோரையும் வரிசையில் நிறுத்துவது வேறொரு கொள்கை. 'ஆம்' வாதம் முதலாவதுக்கு வலுவானது, இரண்டாவதுக்கு வலுவற்றது. கேள்வியோ இரண்டாவதைத்தான் கேட்கிறது. இந்தப் பிரிவினையைக் கற்றுக்கொடுத்திருந்தால் அந்த ஒரே கேள்விக்காகவே தொகுப்பைப் பரிந்துரைத்திருப்பேன்.

அடுத்து, பள்ளியில் ஓட்டுநர் பயிற்சி. "ஆம், முறையாகக் கற்றவர்கள் குறைவாக விபத்துக்குள்ளாவார்கள்" என்பதும் விடைப்பகுதியில் வலுவானது. இதை எதிர்த்துப் பேசினால் கல்விக்கே எதிரி என்பது போல ஆகிவிடும், அதனால் யாரும் பேசுவதில்லை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டிகால்ப் மாவட்டத்தில் 1970களின் இறுதியில் தொடங்கி ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள். 16,000க்கும் மேற்பட்ட மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு குழுவுக்கு மிக விரிவான பயிற்சி, இன்னொன்றுக்குக் குறைந்தபட்சப் பயிற்சி, மூன்றாவதுக்குப் பள்ளிப் பயிற்சியே இல்லை. பயிற்சியால் கிடைத்த நன்மை ஓட்டத் தொடங்கிய முதல் சில மாதங்களைத் தாண்டவில்லை. பயிற்சி பெற்றவர்கள் உரிமத்தைச் சீக்கிரமாக வாங்கிவிட்டார்கள், அதனால் இளம் வயதிலேயே சாலையில் இருந்தார்கள். பயிற்சியை நிறுத்திய இடத்திலிருந்தும் இதற்குச் சான்று உண்டு. கனெக்டிகட் மாநிலம் பள்ளி ஓட்டுநர் பயிற்சிக்கான நிதியை நிறுத்திய பிறகு, பயிற்சியைக் கைவிட்ட ஊர்களில் 16, 17 வயதுக்காரர்கள் உரிமம் வாங்குவது நன்றாகக் குறைந்தது, அவர்களின் விபத்துகளும் குறைந்தன. 1980இல் வெளியான ஆய்வு இது. நன்றாகக் கவனியுங்கள், தனி மாணவனைப் பார்த்தால் பயிற்சி கெடுதல் செய்யவில்லை. ஊர் மொத்தத்தையும் பார்த்தால் அது அதிகச் சிறுவர்களைச் சீக்கிரமாக ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்தது. ஒரு கொள்கையை மதிப்பிடும்போது ஊர் மொத்தத்தையும் பார்க்காமல் எப்படி?

நார்வேயில் நடந்தது இதைவிடக் கவலை தருவது. 1979இல் வழுக்கும் சாலையில் ஓட்டும் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். பனி விழும் நாடு, இதைவிட நேரடித் தொடர்புள்ள பயிற்சி இருக்க முடியுமா? பின்னால் ஆராய்ந்தபோது இளம் ஆண்களுக்கு வழுக்கும் சாலை விபத்துகள் கூடியிருந்தன. வண்டி வழுக்கினால் சமாளிக்கத் தெரியும் என்ற நம்பிக்கை வந்ததும் மெதுவாகப் போவதை விட்டுவிட்டார்கள் என்பதுதான் பொதுவாகத் தரப்படும் விளக்கம். இந்த மாதிரி விஷயங்களில் "தொடர்பு இருக்கிறது, முக்கியம்" என்ற இரண்டு முத்திரைகள் எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

படிப்படியான உரிமம் பற்றிய கேள்விகளில் தொகுப்பு ஓரளவு தேறிவிட்டது. முதலில் பழகுநர் கட்டம், அப்புறம் இரவில் தனியாக ஓட்டக் கூடாது, நண்பர்களை ஏற்றக் கூடாது என்ற கட்டுப்பாட்டோடு ஒரு கட்டம், கடைசியில் முழு உரிமம். நியூசிலாந்து 1987இல் இதைத் தொடங்கியது, அமெரிக்காவில் 1996இல் புளோரிடா. "இல்லை, இளைஞர்களின் சுதந்திரத்தைப் பறிக்கிறது" என்ற வாதத்தை எடுத்த எடுப்பிலேயே வலுவற்றது என்று தள்ளாமல், இரவு வேலைக்குப் போகும் இளைஞருக்கு விலக்கு உண்டா என்பதைப் பொறுத்தது என்று விளக்கம் எழுதியிருக்கிறார்கள், அது பாராட்ட வேண்டியது. இரவும் நண்பர் கூட்டமும்தான் இளம் ஓட்டுநர்களுக்கு ஆபத்தைக் கூட்டுகின்றன, கட்டுப்பாடு அந்த இடத்தையே குறிவைக்கிறது, அதனால் 'ஆம்' வாதம் வலுவானது என்பதையும் ஏற்கிறேன்.

ஆனால் அங்கேயும் கதை பாதியில் நிற்கிறது. 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் வந்த கட்டுரை, 1986 முதல் 2007 வரையிலான உயிர்ப்பலி விபத்துகளை எடுத்துப் பார்த்தது. இரவுக் கட்டுப்பாடும் பயணிக் கட்டுப்பாடும் இரண்டும் இருந்த இடங்களில் 16 வயது ஓட்டுநர்களின் உயிர்ப்பலி விபத்து விகிதம் 26 சதவீதம் குறைவு. 18 வயதுக்காரர்களிடமோ 12 சதவீதம் அதிகம். அங்கே பெரும்பாலான மாநிலங்களில் இந்தக் கட்டுப்பாடுகள் 18 வயதோடு முடிந்துவிடுகின்றன, எனவே சிலர் 18 வரை காத்திருந்து கட்டங்களே இல்லாமல் முழு உரிமம் வாங்குகிறார்கள், சிலர் கட்டுப்பாட்டுக்குள் போதிய அனுபவம் இல்லாமலே 18க்கு வந்து சேர்கிறார்கள் என்பவை சாத்தியமான காரணங்கள். இது படிப்படியான உரிமத்தைக் கைவிடுவதற்கான வாதம் இல்லை. புதிதாக வருகிறவர் எந்த வயதாக இருந்தாலும் அவருக்கும் கட்டங்கள் வேண்டும் என்பதற்கான வாதம். "18 வயதுக்குட்பட்டவர்களுக்கு மட்டும் இதைக் கொண்டு வரலாமா?" என்று ஒரு கேள்வி வைத்திருந்தால் பயிற்சி எடுப்பவருக்கு எவ்வளவு நல்ல வேலை கிடைத்திருக்கும்!

இதற்கு நேர்மாறாகச் சுவீடன் செய்ததைப் பற்றியும் ஒரு கேள்வி இருந்திருக்கலாம். 1993இல் அங்கே பழகத் தொடங்கும் வயதைப் பதினேழரையிலிருந்து 16 ஆகக் குறைத்தார்கள், உரிமம் வாங்கும் வயது மட்டும் 18ஆகவே இருந்தது. இரண்டு ஆண்டுகள் பக்கத்தில் பெரியவரை வைத்துக்கொண்டு ஓட்டலாம். இந்த வாய்ப்பைப் பயன்படுத்தியவர்கள் சராசரியாகச் சுமார் 118 மணி நேரம் பழகினார்கள், மற்றவர்கள் அதில் பாதி கூட இல்லை. பயன்படுத்தியவர்களின் விபத்து அபாயம் சுமார் 40 சதவீதம் குறைந்தது. இதை அப்படியே வலுவான வாதமாக எடுக்கலாமா? முழுவதுமாக முடியாது. அப்பா அம்மாவுக்கு நேரமும் காரும் இருக்கிற வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகம் பயன்படுத்தினார்கள், அவர்கள் முன்பிருந்தே வேறுபட்டவர்கள். ஆய்வாளர்களே குறைந்ததில் ஒரு பகுதி அதனால் வந்தது என்று சொல்கிறார்கள். மீதி நிற்கிறது, அது பெரிதுதான். இப்படிப் 'பாதி வலு' என்று சொல்ல இந்தத் தொகுப்பில் இடமே இல்லை, இரண்டே பொத்தான்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்த கேள்வி, முறையான குடியேற்ற ஆவணம் இல்லாதவர்களுக்கு உரிமம் தரலாமா என்பது. "இல்லை, அது தகுதியற்ற ஓட்டுநர்களைச் சாலைக்குக் கொண்டு வரும்" என்ற வாதத்தை வலுவானது என்று போட்டிருக்கிறார்கள். அவர்கள் ஏற்கெனவே சாலையில்தான் இருக்கிறார்கள்! கலிபோர்னியா 2015 ஜனவரி முதல் இப்படிப்பட்டவர்களுக்கு உரிமம் தரத் தொடங்கியது, முதல் ஆண்டிலேயே ஆறு லட்சம் பேருக்கு மேல் வாங்கினார்கள். 2017இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வந்த ஆய்வு, அதிகம் பேர் உரிமம் வாங்கிய மாவட்டங்களையும் குறைவாக வாங்கிய மாவட்டங்களையும் ஒப்பிட்டது. விபத்துகள் கூடவில்லை. மோதிவிட்டு நிற்காமல் ஓடிவிடும் சம்பவங்கள் 7 முதல் 10 சதவீதம் வரை குறைந்தன. காரணம் எளிது, உரிமம் இருக்கிறவருக்கு நின்று பேச வழி இருக்கிறது, இல்லாதவருக்குக் காவல்துறை வருவதற்குள் கிளம்பிவிடுவதைத் தவிர வேறு எண்ணம் வராது. அடிபட்டுத் தெருவில் கிடப்பவருக்கு இந்த வித்தியாசம் உயிரோடு சம்பந்தப்பட்டது. குடியேற்றம் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும் சரி, 'சாலைக்குக் கொண்டு வரும்' என்ற சொற்றொடரில் இருக்கும் பிழையை ஒரு வாதப் பயிற்சி கண்டுபிடித்தே ஆக வேண்டும்.

அபராதம் கட்டாதவர்களின் உரிமத்தை முடக்கலாமா என்ற கேள்வியிலும் இதே கோளாறு. "ஆம், சட்டத்தை மதிக்காதவரைச் சாலையிலிருந்து அகற்றும்" வலுவானதாம். பணமில்லாதவர் வேலைக்குப் போக ஓட்டித்தான் ஆக வேண்டிய இடத்தில் உரிமத்தை முடக்கினால், அவர் உரிமமும் காப்பீடும் இல்லாத ஓட்டுநராக மாறும் வாய்ப்புதான் அதிகம். கட்டாத பணத்துக்கும் ஓட்டும் திறமைக்கும் தொடர்பு இல்லை என்ற 'இல்லை' வாதத்தைத் தொகுப்பு வலுவானது என்று ஏற்றிருப்பது ஓர் ஆறுதல். கலிபோர்னியா 2017இல் போக்குவரத்து அபராதம் கட்டாததற்காக உரிமத்தை முடக்குவதை நிறுத்திவிட்டது. குடித்துவிட்டு ஓட்டியவரின் உரிமத்தை முடக்குவது முற்றிலும் வேறு விஷயம், அங்கே ஆபத்துக்கும் தண்டனைக்கும் நேர்த் தொடர்பு இருக்கிறது. இரண்டையும் ஒரே கேள்விக்குள் கலந்துபோட்டால் பயிற்சி எடுப்பவர் குழம்பாமல் என்ன செய்வார்.

"தேர்வைக் கடினமாக்கினால் சாலை பாதுகாப்பாகும்" என்பது இன்னொரு வாதம். எங்கே என்று கேட்காமல் இதற்குப் பதில் சொல்லவே முடியாது. டெல்லியில் 822 பேரை வைத்து நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரு குழுவுக்கு உரிமத்தைச் சீக்கிரம் வாங்கினால் ஊக்கத்தொகை, ஒரு குழுவுக்கு இலவச ஓட்டுநர் பயிற்சி, ஒரு குழுவுக்கு எதுவும் இல்லை. உரிமம் வாங்கிய பிறகு ஆய்வாளர்களே தனியாக ஓட்டச் சொல்லிப் பார்த்தார்கள். எதுவும் தரப்படாத குழுவில் உரிமம் வாங்கியவர்களில் சுமார் 71 சதவீதம் பேர் ஓட்டுநர் தேர்வே எழுதியிருக்கவில்லை, 62 சதவீதம் பேர் தனிச் சோதனையில் ஓட்டத் தகுதியற்றவர்கள். முகவர் வழியாகப் போனால் தேர்வையே தாண்டிவிடலாம் என்றிருக்கும் இடத்தில் தேர்வைக் கடினமாக்கினால் என்ன ஆகும்? நேர்வழியில் போகிறவருக்கு இன்னும் சிரமம், முகவருக்கு இன்னும் வேலை. ஆக ஒரே வாதம் ஓரிடத்தில் வலுவாகவும் இன்னோரிடத்தில் சோடையாகவும் இருக்கும். "சொன்னதை உண்மை என்று வைத்துக்கொள்" என்ற நிபந்தனை இந்த வித்தியாசத்தை முற்றிலும் மறைத்துவிடுகிறது. தேர்வு அறையில் அந்த நிபந்தனை தேவைதான், ஏனென்றால் இல்லாவிட்டால் யாருக்கு எவ்வளவு தகவல் தெரியும் என்பதையே அளப்பதாக ஆகிவிடும். ஆனால் அந்த நிபந்தனை தேர்வுக்கு மட்டுமானது என்று ஒரு வரியாவது எழுதி வைக்க வேண்டாமா? தொகுப்பின் முன்னுரை "அன்றாட வாழ்க்கையிலும் கொள்கை விவாதங்களிலும் சரியாக முடிவெடுக்க உதவும்" என்று உறுதி தருகிறது. அந்த உறுதிமொழிக்குத்தான் என் மதிப்பெண்ணில் பெரிய வெட்டு.

மற்றவை சுருக்கமாக. கடிகாரத்தை அணைத்துவிட்டும் பயிற்சி செய்யலாம், முதல் சுற்றுக்கு அப்படித்தான் செய்ய வேண்டும். தவறாகப் போட்ட கேள்விகளை மட்டும் திரும்ப எடுத்துத் தருகிறது, அது நல்ல வசதி. எழுத்து அளவு கைபேசியில் சிறியது. விளக்கங்களின் தரம் சீராக இல்லை, சிலவற்றில் முழுப் பத்தி, சிலவற்றில் "நேரடித் தொடர்பு இல்லை" என்ற ஒரே வரி. ஒரு விடை தவறு என்று நினைத்தால் எழுதி அனுப்ப இடம் இருக்கிறது. நான் வயதானவர்கள் கேள்வி பற்றி விரிவாக எழுதி அனுப்பினேன், பெற்றுக்கொண்டதாகத் தானியங்கிப் பதில் வந்தது, விடை இன்னும் மாறவில்லை.

யாராவது வாங்கினால் ஒரு யோசனை. முதல் சுற்றில் தொகுப்பின் விதிப்படியே போடுங்கள், தேர்வுக்கு அது வேண்டும். இரண்டாவது சுற்றில் 'வலுவானது' என்று விடைப்பகுதி சொல்லும் லைசென்ஸ் வாதங்களை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் உரிமம் கிடைக்காதவர் அடுத்த நாள் காலை எப்படி வேலைக்குப் போகிறார் என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். விவாதம் சொல்லிக் கொடுக்கிற ஆசிரியர்கள் டென்மார்க், கலிபோர்னியா இரண்டையும் விடையை மறைத்துவிட்டுக் கேள்வியாக வைக்கலாம், மாணவர்கள் முதலில் கணிக்கட்டும். தயாரித்தவர்களிடம் கேட்பது இரண்டு: குடியேற்ற ஆவணம் பற்றிய கேள்வியின் விடையைத் திருத்துங்கள், "எந்த நிலைமையில் இந்த வாதம் வலுவிழக்கும்?" என்ற மூன்றாவது பெட்டி ஒன்றை உரிமப் பகுதியிலாவது சேருங்கள். தேர்வுப் பயிற்சியாக ஐந்துக்கு நான்கு, கொள்கையை எடைபோடும் கருவியாக ஐந்துக்கு இரண்டு. அந்த இரண்டு மாற்றங்களும் வந்தால் இரண்டாவது மதிப்பெண்ணை உயர்த்தி இங்கேயே எழுதுகிறேன்.